ஓர் ஆங்கிலச் சொல், அரை டஜன் ரஷ்யச் சொற்கள்: ‘அப்யூஸ்’ எங்கே சிக்குகிறது?

2017 பிப்ரவரி 7-ஆம் தேதி ரஷ்ய அதிபர் விளாதிமிர் புதின் ஒரு சட்டத் திருத்தத்தில் கையெழுத்திட்டார். அதற்குச் சில நாட்கள் முன்பு, ஜனவரி 27 அன்று, ரஷ்ய நாடாளுமன்றத்தின் கீழவையில் அந்தத் திருத்தத்துக்கு ஆதரவாக 380 பேரும் எதிராக 3 பேரும் வாக்களித்திருந்தார்கள். ‘ரஷ்யாவில் குடும்ப வன்முறை இனி குற்றமில்லை’ என்ற செய்தி உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் ரஷ்யக் குற்றவியல் சட்டத்தைப் புரட்டிப் பார்த்தால், ‘குடும்ப வன்முறை’ என்ற பெயரில் ஒரு குற்றம் அதில் முன்பும் கிடையாது. இல்லாத குற்றத்தை எப்படி நீக்க முடியும்? செய்தி பொய்யா?

செய்தி பொய்யில்லை. ஆங்கிலத்தில் ‘டொமெஸ்டிக் அப்யூஸ்’ என்று இரண்டே சொல்லில் சொல்லிவிடுவதை ரஷ்யச் சட்டமும் ரஷ்ய மொழியும் பல துண்டுகளாகப் பிரித்து வைத்திருக்கின்றன. எந்தத் துண்டு நீக்கப்பட்டது, எது மிச்சம் இருக்கிறது என்பது அந்தச் சொற்களைப் பிரித்துப் பார்த்தால்தான் விளங்கும். ஆகவே சட்டத்துக்குப் போவதற்கு முன்னால் சொல்லிலிருந்தே தொடங்குவோம்.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் எதையெல்லாம் சுமக்கிறது

‘அப்யூஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. ‘அப்’ என்றால் விலகி, ‘ஊதி’ என்றால் பயன்படுத்துவது. முறை தவறிய பயன்பாடு என்பதுதான் வேர்ப்பொருள். இன்றைய ஆங்கிலத்தில் அதற்கு நான்கு முக்கியமான பொருள்கள் உண்டு.

1. அதிகாரத்தையோ உரிமையையோ நம்பிக்கையையோ தவறாகப் பயன்படுத்துவது.
2. மது, போதைப்பொருள், மருந்து ஆகியவற்றை அளவு மீறி எடுத்துக்கொள்வது.
3. ஒருவரைக் கேவலமாகத் திட்டுவது.
4. ஒருவரைக் கொடுமைப்படுத்துவது. அடிப்பது, பாலியல் ரீதியாகத் துன்புறுத்துவது, மனத்தை நொறுக்குவது, காசில்லாமல் கட்டிப்போடுவது, எல்லாமே இதில் அடங்கும்.

‘மிஸ்ட்ரீட்மென்ட்’, ‘இல்-ட்ரீட்மென்ட்’ என்ற சொற்கள் இந்த நான்காவது பொருளுக்கு மட்டும் பக்கத்தில் வருபவை. ஆங்கிலம் பேசுகிறவர் இந்த நான்கையும் தனித்தனி என்று உணர்வதே இல்லை. அமைச்சர் பதவியை ‘அப்யூஸ்’ செய்கிறார், தகப்பன் பிள்ளையை ‘அப்யூஸ்’ செய்கிறார். இரண்டுக்கும் வினை ஒன்றுதான். ரஷ்ய மொழிபெயர்ப்பாளருக்கு அந்த வசதி இல்லை. பேனாவை எடுத்ததுமே நான்கில் எது என்று அவர் முடிவு செய்தாக வேண்டும்.

ரஷ்ய மொழி எப்படிப் பிரிக்கிறது

முதல் பொருளுக்கு ரஷ்யச் சொல் ‘ஸ்லவுபத்ரிப்லேனியே’. நீளமாக இருந்தாலும் பிரித்தால் எளிது. ‘ஸ்லோ’ என்றால் தீமை, ‘உபத்ரிப்லேனியே’ என்றால் பயன்பாடு. நம் ‘துஷ்பிரயோகம்’ எப்படி ‘துஷ்’, ‘பிரயோகம்’ என்று பிரிகிறதோ, இதுவும் அச்சு அசலாக அப்படித்தான் பிரிகிறது. அதிகாரிகளின் அதிகார துஷ்பிரயோகத்துக்கு ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 285-ஆம் பிரிவு இந்தச் சொல்லைத்தான் வைத்திருக்கிறது. மோசடியை வரையறுக்கும் 159-ஆம் பிரிவில் ‘நம்பிக்கையைத் தவறாகப் பயன்படுத்துதல்’ என்பதும் இதே சொல்தான். மது, போதைப்பொருள் விஷயத்திலும் இது பொருந்திப் போகிறது.

மூன்றாவது பொருளுக்கு, அதாவது திட்டுவதற்கு, இரண்டு சொற்கள் உண்டு: ‘அஸ்கர்ப்லேனியே’ என்றால் அவமதிப்பு, ‘பிரான்’ என்றால் வசை. நாம் ‘வசைமாரி பொழிந்தார்’ என்று சொல்கிற இடத்தில் ரஷ்யர்கள் ‘பிரானை ஒருவர் மேல் கொட்டித் தூவுவது’ என்கிறார்கள். இந்த மூன்று பொருள்களிலும் பெரிய சிக்கல் கிடையாது.

சிக்கல் நான்காவதில்தான். அங்கே மூன்று சொற்கள் போட்டி போடுகின்றன.

‘நசீலியே’ என்பது வன்முறை. அதன் நடுவில் இருக்கும் ‘சீலா’வுக்கு பலம், வலு என்று பொருள். ஒருவர் மேல் பலத்தைப் பிரயோகிப்பதுதான் நசீலியே. அடிப்பதற்கும் அத்துமீறுவதற்கும் இது தயங்காமல் பொருந்தும். ஆனால் மனைவியின் சம்பளத்தை வாங்கி வைத்துக்கொண்டு பஸ் காசுக்குக்கூடக் கையேந்த வைக்கிற கணவனைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால்? ‘பொருளாதார நசீலியே’ என்று பெண்கள் நல அமைப்புகள் எழுதுகின்றன. வலு என்ற வேர் உள்ளே உட்கார்ந்திருப்பதால், கையே ஓங்காத கொடுமைக்கு இந்தச் சொல்லை இழுத்துப் பொருத்த வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, ‘ஷெஸ்தோகயே அப்ரஷ்சேனியே’. ‘அப்ரஷ்சேனியே’ என்றால் நடத்தும் விதம். திரும்புதல் என்ற வேரிலிருந்து வந்த சொல் இது. ஒருவரை நோக்கித் திரும்பிப் பேசுவதும், ஒருவரை நடத்துவதும், பணம் புழங்குவதும்கூட அதே சொல்தான். தனியாக நின்றால் அதில் நல்லதும் இல்லை, கெட்டதும் இல்லை. ‘ஷெஸ்தோகயே’, அதாவது கொடூரமான, என்ற அடைமொழி வந்த பிறகுதான் அது குற்றமாகிறது. ஆங்கில ‘மிஸ்ட்ரீட்மென்ட்’டுக்கு அமைப்பில் மிக நெருக்கமானது இதுதான். ஆனால் அடைமொழியே ஒரு வாசற்படியை வைத்துவிடுகிறது. பிள்ளைக்கு வேளா வேளைக்குச் சோறு போடாமல் விடுவது, வாரக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பது இதெல்லாம் ‘கொடூரம்’ என்று சட்டென்று காதில் விழாது. விலங்குகள் விஷயத்தில் 245-ஆம் பிரிவின் தலைப்பே இந்தச் சொற்றொடர்தான்.

மூன்றாவது, ‘இஸ்தெவாத்தெல்ஸ்த்வா’. கேலி செய்வதும் வதைப்பதும் சேர்ந்த சொல். பள்ளிக்கூடத்தில் ஒரு பையனைச் சுற்றி நின்று அழவைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான ரஷ்யச் சொல் இல்லை. ஆனால் இது பேச்சு வழக்கின் சொல். சட்ட ஆவணத்துக்குள் அபூர்வமாகத்தான் நுழைகிறது.

இந்தப் பிரிவினை ஒரே இடத்தில் தெளிவாகத் தெரியும் ஆவணம் ஒன்று உண்டு. ரஷ்யக் குடும்பச் சட்டத்தின் 69-ஆம் பிரிவு, எந்தெந்தக் காரணங்களுக்காகப் பெற்றோரின் உரிமையைப் பறிக்கலாம் என்று பட்டியல் போடுகிறது. பெற்றோர் உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவது ஒரு வரி. அங்கே ‘ஸ்லவுபத்ரிப்லேனியே’யின் வினை வடிவம். பிள்ளைகளைக் கொடூரமாக நடத்துவது, உடல் ரீதியான அல்லது மன ரீதியான வன்முறை உட்பட, அடுத்த வரி. அங்கே ‘அப்ரஷ்சேனியே’யும் ‘நசீலியே’யும் வருகின்றன. ஆங்கிலத்தில் இரண்டு வரிக்கும் ‘அப்யூஸ்’ என்று போட்டால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ரஷ்யனிலோ, உரிமையைத்தான் தவறாகப் பயன்படுத்த முடியும், பிள்ளையை அல்ல. இந்த வேறுபாடு எனக்கு மிகச் சரியாகப் படுகிறது.

ஐ.நா. ஆவணத்தில் நடந்த பிழை

அப்படிப்பட்ட மொழியிலேயே, உலகின் மிக முக்கியமான குழந்தைகள் ஆவணம் அந்த வேறுபாட்டைக் கோட்டைவிட்டது. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை ஐ.நா. பொதுச்சபை 1989 நவம்பர் 20 அன்று ஏற்றது. அரபி, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, ரஷ்யன், ஸ்பானிஷ் என ஆறு மொழிப் பிரதிகளும் சம அதிகாரம் உள்ளவை என்று அதன் 54-ஆம் பிரிவு சொல்கிறது. அதாவது ரஷ்யப் பிரதி வெறும் மொழிபெயர்ப்பு அல்ல, அதுவும் மூலம்தான்.

19-ஆம் பிரிவு, வீட்டிலும் பராமரிப்பிலும் குழந்தைக்கு நேரும் எல்லாவிதக் கொடுமைகளிலிருந்தும் பாதுகாப்புத் தரச் சொல்கிறது. அதில் மூன்று இடங்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

1. ஆங்கிலத்தில் ‘இஞ்சுரி ஆர் அப்யூஸ்’. அதாவது காயமோ கொடுமையோ. ரஷ்யனில் ‘அஸ்கர்ப்லேனியே’ அல்லது ‘ஸ்லவுபத்ரிப்லேனியே’. அவமதிப்போ துஷ்பிரயோகமோ. காயம் அவமதிப்பாகிவிட்டது.
2. ஆங்கிலத்தில் ‘மால்ட்ரீட்மென்ட்’. ரஷ்யனில் ‘குரூபயே அப்ரஷ்சேனியே’, முரட்டுத்தனமாக நடத்துவது. ஒரு படி கீழே இறங்கிவிட்டது.
3. ஆங்கிலத்தில் ‘செக்ஷுவல் அப்யூஸ்’. ரஷ்யனில் ‘பாலியல் ஸ்லவுபத்ரிப்லேனியே’.

மூன்றாவதுதான் மனத்தை உறுத்துகிறது. ‘ஸ்லவுபத்ரிப்லேனியே’ என்பது தவறான பயன்பாடு. மதுவைத் தவறாகப் பயன்படுத்தலாம், ஏனென்றால் அளவாகக் குடிப்பது என்று ஒன்று இருக்கிறது. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தலாம், ஏனென்றால் அதற்குச் சரியான பயன்பாடு உண்டு. ஒரு குழந்தையைப் பாலியல் ரீதியாக ‘தவறாகப் பயன்படுத்துவது’ என்றால், சரியாகப் பயன்படுத்துவது என்று ஒன்று இருப்பது போல அல்லவா ஆகிறது? இங்கே பயன்பாடு என்ற பேச்சே வரக்கூடாது. ஆங்கிலச் சொல்லில் அந்த வேர் மழுங்கிப் போய்விட்டதால் யாருக்கும் உறைப்பதில்லை. ரஷ்யனில் ‘தீய’, ‘பயன்பாடு’ என்ற இரண்டு துண்டும் பட்டவர்த்தனமாக நிற்கின்றன.

இது ரஷ்யர்களின் பிரச்சினை மட்டுமல்ல. இலங்கைத் தமிழ்ப் பத்திரிகைகளில் ‘சிறுவர் துஷ்பிரயோகம்’, ‘பாலியல் துஷ்பிரயோகம்’ என்பவை நிலைபெற்ற சொற்கள். அதே அமைப்பு, அதே உறுத்தல். தமிழ்நாட்டில் ‘பாலியல் வன்கொடுமை’, ‘பாலியல் துன்புறுத்தல்’ என்று எழுதுகிறோம். அவற்றில் பயன்பாடு என்ற எண்ணம் நுழையவில்லை. ஆனால் ‘வன்கொடுமை’க்கு வேறு சிக்கல். 1989-ஆம் ஆண்டு வந்த பட்டியலின, பழங்குடி மக்களுக்கான சட்டத்தின் பெயரிலும் அதே சொல்தான் இருக்கிறது.

பிரெஞ்சுப் பிரதி இந்தப் பொறியில் விழவில்லை. அங்கே அதே இடத்தில் ‘பாலியல் வன்முறை’ என்று இருக்கிறது. அப்படியானால் ஆறு மூலங்களில் எது சரி? 1969-ஆம் ஆண்டு வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையின் 33-ஆம் பிரிவு இதற்கு வழி சொல்கிறது. எல்லாப் பிரதிகளும் ஒரே பொருளைச் சொல்வதாகத்தான் முதலில் கொள்ள வேண்டும். அப்படியும் முரண்பட்டால், ஒப்பந்தத்தின் நோக்கத்துக்கு ஏற்ப எல்லாவற்றையும் இணக்கமாக்கும் பொருளை எடுக்க வேண்டும். எனவே ‘குரூபயே’ என்று இருக்கிறது, அதனால் வெறும் முரட்டுத்தனம்தான் என்று ஒரு நாடு வாதாட முடியாது.

பின்னால் வந்த மொழிபெயர்ப்பாளர்கள் இந்த இடத்தில் கவனமாக இருந்திருக்கிறார்கள். குழந்தைகளைப் பாலியல் சுரண்டலிலிருந்து காக்க ஐரோப்பிய கவுன்சில் 2007-இல் கொண்டுவந்த உடன்படிக்கையின் ரஷ்யத் தலைப்பில் ‘ஸ்லவுபத்ரிப்லேனியே’ இல்லை. ‘நத்ருகாத்தெல்ஸ்த்வா’ என்ற சொல்லைப் போட்டார்கள். கல்லறையை இழிவுபடுத்துவதற்கும் தேசியக் கொடியை அவமதிப்பதற்கும் ரஷ்யக் குற்றவியல் சட்டம் பயன்படுத்தும் சொல் அது. தீண்டக்கூடாத ஒன்றைத் தீண்டிக் களங்கப்படுத்துவது என்ற தொனி. சரி, கனம் கூடுதல்தான். ஆனாலும் குழந்தையைப் பொருளாக்கவில்லை.

செய்தவனுக்குப் பெயர் இல்லை

செயலுக்காவது நசீலியே இருக்கிறது. செய்தவனை என்னவென்று சொல்வது? ஆங்கிலத்தில் ‘அப்யூஸர்’. ரஷ்யனில் நசீலியேவிலிருந்து வரும் ‘நசீல்னிக்’ என்ற சொல்லுக்கு நடைமுறையில் ஒரே பொருள்தான்: பாலியல் வல்லுறவு செய்தவன். மனைவியைத் தினமும் மட்டம் தட்டுகிறவனை அப்படி எழுதினால் வாசகர் வேறொன்றைப் புரிந்துகொள்வார். ‘அபீச்சிக்’ என்றால் மனத்தைப் புண்படுத்தியவர். விளையாட்டு மைதானத்தில் பிள்ளைகள் அழுதுகொண்டே சொல்கிற மாதிரி. ‘வீட்டுத் திரான்’ என்றால் வீட்டுச் சர்வாதிகாரி. அதில் கொஞ்சம் பழைய நாடக வாசம். ‘முச்சீத்தெல்’ என்றால் வதைப்பவன். இது உரக்கக் கத்துகிறது.

இந்த ஓட்டையில்தான் ‘அப்யூஸ்’, ‘அப்யூஸர்’ என்ற சொற்கள் அப்படியே ரஷ்யனுக்குள் இறங்கின. இன்று இளைஞர்களின் பேச்சிலும் மனநல ஆலோசகர்களின் எழுத்திலும் அவை சாதாரணம். 2016 ஜூலையில் உக்ரைனில் தொடங்கி ரஷ்ய மொழிக்கும் பரவிய ‘சொல்ல எனக்குப் பயமில்லை’ என்ற சமூக வலைத்தள இயக்கத்தில் ஏராளமான பெண்கள் தங்களுக்கு நடந்ததை முதல்முறையாகப் பொதுவெளியில் எழுதினார்கள். நடந்ததற்குப் பெயர் வைக்க வேண்டிய தேவை அப்போது கண்கூடாகத் தெரிந்தது. கடன் வாங்கிய சொல் என்று இதை எதிர்க்கிறவர்கள் உண்டு. ‘அடிக்கிறான் என்றால் நேசிக்கிறான்’ என்று பழமொழி வைத்திருக்கிற மொழி அது. ‘அடிக்கிற கைதான் அணைக்கும்’ என்று சொல்லும் நமக்கு அந்தப் பழமொழியின் வேலை நன்றாகத் தெரியும். அந்த நிலையில், பழைய பாசச் சாயம் எதுவும் ஒட்டாத வெளிச்சொல் ஒன்று பாதிக்கப்பட்டவருக்கு உதவியாகத்தான் இருக்கிறது.

அரசு அலுவலகத்தில் இந்தச் சொல்லுக்கு வரவேற்பு குறைவு. 2023 பிப்ரவரி 28 அன்று கையெழுத்தான அரசுமொழிச் சட்டத் திருத்தம், பரவலான ரஷ்ய இணைச்சொல் உள்ள இடத்தில் அயற்சொல்லை அலுவல் பயன்பாட்டில் தவிர்க்கச் சொல்கிறது.

இராணுவத்துக்கென்று ஒரு சொல்

ஆங்கிலச் செய்திகள் ‘ரஷ்ய இராணுவத்தில் அப்யூஸ்’ என்று எழுதும்போது பெரும்பாலும் குறிப்பிடுவது ‘தெதவ்ஷினா’வை. ‘தேத்’ என்றால் தாத்தா. பணிக்காலம் முடியப்போகிற மூத்த சிப்பாய்கள்தான் அந்தத் தாத்தாக்கள். புதிதாக வந்த பையன்களை அடிப்பது, வேலை வாங்குவது, பணம் பிடுங்குவது எல்லாம் அவர்கள் பேரில் ஒரு முறையாகவே ஆகிப்போனது. குற்றவியல் சட்டத்தின் 335-ஆம் பிரிவில் இதற்குப் பெயர்: ‘படைவீரர்களுக்கு இடையிலான உறவு விதிகளை மீறுதல்’. தெருவில் வழங்கும் சொல்லில் தெரிகிற வலி, சட்டச் சொல்லில் விதிமீறலாக வற்றிப்போகிறது.

இப்போது 2017-க்குத் திரும்புவோம்

குடும்பத்துக்குள் நடக்கும் கொடுமைக்கு ரஷ்யக் குற்றவியல் சட்டத்தில் தனிப் பெயர் இல்லாததால், அது பல பிரிவுகளில் சிதறிக் கிடக்கிறது. இரண்டு சொற்கள் முக்கியம்.

‘பபோய்’ (116-ஆம் பிரிவு): வலி உண்டாக்கும் அடி, ஆனால் உடல்நலத்துக்குச் சட்டம் கணக்கில் எடுக்கும் அளவு கேடு வராதது.

‘இஸ்தியஸானியே’ (117-ஆம் பிரிவு): தொடர்ந்து அடித்தோ வேறு வன்முறையாலோ உடலுக்கும் மனத்துக்கும் வேதனை தருவது. வதை என்று சொல்லலாம்.

எலும்பு முறிவு போன்ற காயங்களுக்கு வேறு பிரிவுகள் இருக்கின்றன.

நடந்தது இதுதான். 2016 ஜூலையில் சாதாரண பபோய் குற்றவியல் சட்டத்திலிருந்து எடுக்கப்பட்டு நிர்வாகத் தவறாக்கப்பட்டது, அதாவது குற்ற வழக்கு ஆகாத சிறு தவறாக. நெருங்கிய உறவினரை அடித்தால் மட்டும் குற்றமாகவே நீடித்தது. இரண்டு ஆண்டு வரை சிறை. அந்நியனை அடித்தால் அபராதம், பிள்ளையை அடித்தால் சிறையா என்று எதிர்ப்பு கிளம்பியது. 2017 பிப்ரவரியில் ‘நெருங்கியவர்கள்’ என்ற சொல்லையே 116-ஆம் பிரிவிலிருந்து தூக்கினார்கள். அதன் பிறகு, வீட்டில் முதல் முறை அடிப்பவருக்கு நிர்வாகச் சட்டத்தின்படி 5,000 முதல் 30,000 ரூபிள் வரை அபராதம், அல்லது 10 முதல் 15 நாள் காவல், அல்லது 60 முதல் 120 மணி நேரக் கட்டாய வேலை. ஓராண்டுக்குள் மறுபடி அடித்தால்தான் குற்ற வழக்கு.

ஆக, ‘குடும்ப வன்முறை குற்றமில்லை’ என்பது அளவுக்கு மீறின சுருக்கம். வதையும் கடும் காயமும் குற்றமாகவே இருக்கின்றன. ‘ஒன்றும் மாறவில்லை’ என்பதும் பொய். வீட்டில் கொடுமை பெரும்பாலும் முதல் அறையில் தொடங்குகிறது. அந்த முதல் அறை, போக்குவரத்து விதிமீறல் இருக்கும் அதே சட்டப் புத்தகத்துக்குப் போய்விட்டது. அப்புறம், அந்த அபராதம் கட்டப்படுவது பல வீடுகளில் அடிபட்டவரும் சேர்ந்து பிழைக்கிற அதே குடும்பப் பணத்திலிருந்துதான்.

பெயர் இல்லாததன் விலையை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2019 ஜூலை 9 தீர்ப்பில் நேராகவே சொன்னது. முன்னாள் துணைவனால் திரும்பத் திரும்பத் தாக்கப்பட்ட ஒரு பெண் தொடுத்த வழக்கு அது. ரஷ்யச் சட்டத்தில் குடும்ப வன்முறைக்கு வரையறையோ அதற்கு இணையான கருத்தோ இல்லை என்று கூறி, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையில் மனிதத்தன்மையற்ற நடத்தையைத் தடுக்கும் 3-ஆம் பிரிவும் பாகுபாட்டைத் தடுக்கும் 14-ஆம் பிரிவும் மீறப்பட்டதாகத் தீர்ப்பளித்தது.

அதே ஆண்டு நவம்பர் 29 அன்று ரஷ்ய மேலவை ஒரு வரைவுச் சட்டத்தை வெளியிட்டது. அதில் ஒருவழியாக ஒரு பெயர் வந்தது: ‘குடும்ப-வீட்டு நசீலியே’. உடல் அல்லது மன வேதனையோ சொத்து இழப்போ உண்டாக்கும், அல்லது அப்படி மிரட்டும் செயல் என்று தொடங்கிய வரையறை, ‘நிர்வாகத் தவறின் அல்லது குற்றத்தின் கூறுகள் இல்லாத’ செயல் என்று முடிந்தது. அடிப்பதோ ஏற்கெனவே நிர்வாகத் தவறு. எனவே, வரையறையை எழுத்துப்படி படித்தால், வீட்டில் அடிப்பது ‘குடும்ப வன்முறை’ ஆகாது! பெண்கள் நலச் செயற்பாட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள். மறுபக்கம், பழமைவாதிகள் சட்டமே வேண்டாம் என்றார்கள். வரைவு வரைவாகவே நின்றுபோனது. 2022 செப்டம்பர் 16-இலிருந்து ரஷ்யா ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையிலும் இல்லை.

மொழிபெயர்க்கிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. எது தவறாகக் கையாளப்படுகிறது? பதவி, உரிமை, மது போன்றது என்றால் ‘ஸ்லவுபத்ரிப்லேனியே’. தமிழில் துஷ்பிரயோகம், முறைகேடு. ஓர் ஆள் என்றால் அந்தச் சொல்லைத் தொடவே வேண்டாம்.
2. வாய்ச்சொல்லா? வசை, அவமதிப்பு. ரஷ்யாவில் தனிமனித அவமதிப்பு 2011 டிசம்பரில் குற்றவியல் சட்டத்திலிருந்து நீங்கி நிர்வாகத் தவறானது என்பதால், ‘குற்றம்’ என்று எழுதுமுன் யோசிக்கவும்.
3. ஆவணத்தில் உண்மையில் எந்தச் சொல் இருக்கிறது? பபோய் என்றால் ‘அடி’ என்றே எழுதலாம், இஸ்தியஸானியே என்றால் ‘வதை’. இரண்டையும் ‘வன்முறை’ என்று போட்டால் 2017-இன் குழப்பம் மறுபடி வரும்.
4. ஆங்கிலக் கட்டுரையில் ‘அப்யூஸர்’ என்று வந்தால், அவன் என்ன செய்தான் என்பதை எழுதுவதே உத்தமம். ‘மனைவியை அடித்து வந்தவர்’, ‘சிறுமியிடம் அத்துமீறியவர்’. ரஷ்யனிலும் சரி, தமிழிலும் சரி, இந்த ஆளுக்கு எல்லா இடத்துக்கும் பொருந்தும் ஒற்றைப் பெயர் இன்னும் அமையவில்லை.